பழைய சம்பானுக்குப் பலகை மாற்றுவதா, ஃபைபர் அடிப்பதா?

மலேசியாவில், சிலாங்கூரின் பந்திங் வட்டாரத்தில் பழைய எஸ்டேட் குடும்பங்கள் சிலவற்றின் வீட்டுப் பின்புறத்தில் இன்னும் ஒரு மரச்சம்பான், அதாவது சின்ன மரப்படகு, கவிழ்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். கேரித்தீவுக்குப் பாலம் இல்லாத காலத்தில் லங்காட் ஆற்றைக் கடக்கவும், சாயங்காலமானால் ஊடாங் (இறால்) பிடிக்கவும் வாங்கியது. எஸ்டேட் லயத்தைக் காலி செய்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தபோது சாமி படத்தோடும் அம்மிக்கல்லோடும் அதுவும் லோரியில் ஏறி வந்துவிட்டது. எங்கள் மாமா வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. பதினான்கு அடி, அடிப்பலகை செங்கால் மரம், பக்கப்பலகை மெராந்தி மரம், தாத்தா காலத்தில் ஒரு சீனத் தச்சர் கட்டியது.

அதைச் சரி செய்யலாம் என்று பேச்செடுத்ததும் ஆளுக்கு ஒரு யோசனை. "ஃபைபர் அடிச்சி விட்டா முடிஞ்சது கதை" என்கிறார் மாமா, அதாவது கண்ணாடியிழையை ரெசின் பூசி மரத்தின் மேல் போர்த்திவிடுவது. கோயில் மண்டபத்தில் வைத்துவிடலாம் என்கிறான் அவர் மகன். காப்பிக்கடைக்காரர் யாருக்காவது அலங்காரத்துக்கு விற்றுவிட்டு இடத்தைக் கூட்டிப் பெருக்கலாம் என்பது அத்தையின் கட்சி, அதிலும் நியாயம் இருக்கிறது, சம்பான் நிழலில் கிடக்கக் கார் வெயிலில் நிற்கிறது. நான் பலகை மாற்றும் கட்சி. ஆனால் எல்லாச் சம்பானுக்கும் அதையே சொல்ல மாட்டேன். சரி செய்த பிறகு அது வருஷம் முழுக்க எங்கே இருக்கப் போகிறது, ஆற்றிலா, கொட்டகையிலா, மண்டபத்திலா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

எந்தப் பக்கம் சாய்வதானாலும் முதலில் மரம் என்ன நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். சம்பானைக் கவிழ்த்து மண்ணையும் பழைய பெயிண்டையும் சுரண்டிவிட்டு, கூரான ஸ்க்ரூ டிரைவரால் ஒரு சாண் இடைவெளியில் குத்திக்கொண்டே போங்கள். நல்ல செங்காலில் முனை இறங்காது, கைதான் வலிக்கும். மெராந்தியில் கொஞ்சம் இறங்கி நின்றுவிடும். தடையே இல்லாமல் உள்ளே போனால் அது உளுத்த இடம். சுத்தியலால் தட்டினால் நல்ல பலகை கணீரென்று பேசும், உளுத்தது சொத்தென்று கேட்கும். மழைத்தண்ணீர் தேங்கும் இடங்களை முதலில் பாருங்கள்: உட்காரும் பலகை முட்டுகிற மூலை, உள்பக்கம் விலா எலும்பாக நிற்கும் வங்குச் சட்டம் பலகையைத் தொடும் இடம், இரண்டு முனைகளிலும் பலகையின் வெட்டுவாய். உப்புத்தண்ணீர் மரத்தை அவ்வளவு சுலபமாக உளுக்க விடாது, சம்பானைக் கொல்வது பெரும்பாலும் உள்ளே தேங்கி நிற்கும் மழைத்தண்ணீர்தான்.

மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் பிடிக்காது. அதே மரம் காற்றே படாமல் முழுக்கச் சேற்றுக்குள் புதைந்து கிடந்தாலும் பிடிக்காது. நம் பந்திங்கிலேயே கம்போங் சுங்கை லாங்கில் 1964இல் இரண்டு வெண்கல முரசுகளைத் தோண்டி எடுத்தார்கள். ஒரு மரப்பலகையின் மேல் அவற்றை வைத்துப் புதைத்திருந்தார்கள், அது ஒரு படகின் பலகை என்கிறார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷம் அந்தப் பலகை மண்ணுக்குள் தாங்கியிருக்கிறது. நம் வீட்டுச் சம்பான் சீக்கிரம் உளுத்துப் போவதற்குக் காரணம், நனைவதும் பாதி காய்வதும் மறுபடி நனைவதுமாக அது கிடப்பதுதான்.

உளுப்பு தவிர இன்னொரு எதிரி கப்பல் புழு. மலாய்க்காரர்கள் காப்பாங் என்பார்கள். லங்காட் ஆற்றின் கீழ்ப்பகுதி கடல் ஏறி இறங்கும் உவர்த்தண்ணீர், அங்கே இது உண்டு. வெளியே குண்டூசித் தலையளவு ஓட்டைதான் தெரியும். சந்தேகப்பட்ட இடத்தில் உளியால் ஒரு சீவல் எடுத்துப் பார்த்தால் உள்ளே விரல் நுழையும் சுரங்கம் ஓடும், அதன் சுவரில் சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெள்ளைப் பூச்சு இருக்கும். அது தெரிந்தால் அந்தப் பலகையை ஒட்டுப் போட்டுக் காப்பாற்ற நினைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். கரையான் அரித்ததென்றால் மண்வரி காட்டிக்கொடுத்துவிடும், எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆணிகளையும் விடாதீர்கள். பழைய சம்பானில் இரும்பு ஆணிதான் அடித்திருப்பார்கள். துரு ஏறிய ஆணியைச் சுற்றி மரம் கறுத்து மிருதுவாகிவிடும், பலகை நன்றாக இருந்தாலும் பிடிப்பு போயிருக்கும். ஒரு பலகையில் பாதி ஆணிக்கு மேல் இப்படி இருந்தால் பலகையைக் கழற்றிப் புது இடத்தில் துளை போட்டு அடிப்பதுதான் வழி.

இனி மாமாவின் யோசனைக்கு வருவோம். ஃபைபர் அடிப்பது என்றால் இரண்டு வேலை உண்டு, இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிக் குழப்பிக்கொள்கிறோம். தண்ணீர்த் தொட்டி, லோரி பாடி எல்லாம் செய்கிற பட்டறைகள் போடுவது பாலியெஸ்டர் ரெசின், அதோடு துண்டு துண்டாக நறுக்கிய இழைப்பாய். மலிவு, சீக்கிரம் காயும். நம் வெயிலில் ஹார்ட்னர் கொஞ்சம் கூடிப்போனால் டின்னிலேயே இறுகிவிடும், அவ்வளவு வேகம். இன்னொன்று எப்போக்சி ரெசினும் நெய்த இழைத்துணியும். விலை மூன்று நான்கு மடங்கு இருக்கும், மரத்தை நன்றாகப் பிடிக்கும். பாலியெஸ்டருக்கு மரத்தோடு அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. செங்கால் மாதிரி அடர்த்தியான, பிசின் உள்ள மரத்தில் இன்னும் மோசம். அச்சில் வார்த்து முழுப் படகாகச் செய்யப் பாலியெஸ்டர் அருமையான சரக்கு, பழைய பலகைக்குப் போர்வை போர்த்த அது தோதுப்படாது.

ஏன் என்றால் பலகை அசையும். ஈரம் ஏறினால் அகலத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், நீளத்தில் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஒரு சாண் அகலப் பலகை நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கினாலே இடுக்கில் இரண்டு மில்லிமீட்டர் திறந்துகொள்ளும். மேலே போர்த்திய ஃபைபர் அசையாது. ஒவ்வொரு இடுக்கின் மேலும் அது இழுபட்டு இழுபட்டு ஒரு நாள் தலைமுடி அளவு விரிசல் விடும், அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும், போன தண்ணீர் வெளியே வர வழி இருக்காது. தெரிந்தவர் ஒருவரின் சம்பானை இப்படிப் போர்த்தி இரண்டு மழைக்காலம் கழிந்தபின் பார்த்தேன். வெளியே பளபளவென்று நீலப் பெயிண்ட். விரல் முட்டியால் தட்டினால் அடிப்பக்கம் முழுக்கப் பொள் பொள்ளென்று சத்தம். ஒரு மூலையில் கத்தி போட்டு நெம்பியதும் ஃபைபர் கையகலத்துக்கு உரிந்து வந்தது, அதற்குப் பின்னால் கடுங்கோப்பி நிறத்தில் தண்ணீர் வழிந்தது. அந்தப் பலகையை நகத்தால் கிள்ளி எடுக்க முடிந்தது. போர்த்தியதால்தான் உளுத்தது என்று சொல்லிவிட முடியாது, போர்த்தும்போதே கொஞ்சம் உளுத்துத்தான் இருந்திருக்கும், ஆனால் போர்த்தியதால் அது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

சரி, காசு போனால் போகட்டும், எப்போக்சியே போட்டால்? அப்போது ஈரம்தான் சிக்கல். எப்போக்சி நன்றாகப் பிடிக்க மரத்தில் ஈரம் 12 சதவீதம் அளவுக்கு இருப்பது உத்தமம். நம் நாட்டில் வெளியே நிழலில் வருஷக்கணக்கில் காற்றாடப் போட்ட மரம்கூட 15 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது அபூர்வம், காற்றிலேயே அவ்வளவு ஈரம் இருக்கிறது. குளிர்நாட்டுக்காரர்கள் சூடேற்றிய கொட்டகையில் படகைக் காயப்போட்டு எப்போக்சி அடித்துக் காட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே கார் நிறுத்தும் கொட்டகையில் அதையே செய்தால் அதே பலன் கிடைக்காது. இரண்டு ஊசி வைத்த ஈரமானி ஒன்று இணையக்கடையில் மலிவாகவே கிடைக்கிறது. அதை அடிப்பலகையில் குத்திப் பார்த்து, 18க்கு மேல் காட்டினால் ரெசின் டின்னைத் திறக்கவே திறக்காதீர்கள். இன்னொன்று, எப்போக்சி வெயில் தாங்காது, மேலே பெயிண்டோ வெயில் தடுக்கும் வார்னிஷோ அடிக்காவிட்டால் வெளுத்துப் பொடியாகும்.

இருந்தாலும் எப்போக்சிக்கு ஒரு இடம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். சம்பான் வருஷத்தில் பெரும்பாலான நாள் கொட்டகையில் காய்ந்து கிடந்து, எப்போதாவது லோரியில் ஏற்றி ஆற்றுக்குப் போய் அன்றே திரும்புகிற வாழ்க்கை என்றால், மெல்லிய பலகையில் கட்டிய லேசான படகு என்றால், எப்போக்சித் துணி நியாயமான முடிவு. பலகை ஈரம் ஏறி இறங்கும் வாய்ப்பே குறைவு. ஒரே மரத்தைக் குடைந்த தோணியில் முனை வெடித்திருந்தாலும் எப்போக்சியும் மரத்தூளும் குழைத்து அடைத்து, விரிசலுக்குக் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் கட்டைத் துண்டு பதித்துவிடலாம். அதில் இடுக்கே இல்லையே, அசைவதும் குறைவு.

மாமாவின் சம்பான் அந்த ஜாதி இல்லை. தடித்த பலகை, ஏழெட்டு இடுக்கு, அவர் அதை ஆற்றிலேயே கட்டிப்போட்டு அடிக்கடி போய்வர நினைக்கிறார். அதற்குப் பலகை மாற்றுவதுதான் சரி.

அதில் முதல் தலைவலி மரம். செங்கால் இப்போது விலை ஏறிவிட்டது, மெராந்தி விலையைக் கேட்ட வாயால் அதைக் கேட்கவே தயக்கமாக இருக்கும். மர ஆலைகளில் மரத்தை டன் கணக்கில் பேசுவார்கள், அந்த டன் எடை இல்லை, ஐம்பது கன அடி. நமக்கு வேண்டியது இரண்டோ மூன்றோ பலகை, அதனால் ஆலைக்குப் போவதைவிடப் பழைய கம்பத்து (கிராமத்து) வீடு இடிக்கிறவர்களிடம் கேட்பது புத்திசாலித்தனம். ஐம்பது அறுபது வருஷம் காய்ந்த செங்கால் தூணும் சட்டமும் அங்கே கிடைக்கும், அவ்வளவு காய்ந்த மரம் எந்த ஆலையிலும் கிடைக்காது. செங்கால்தானா என்று பார்க்க ஒரு சிறு துண்டை வாளித் தண்ணீரில் போடுங்கள். கன மீட்டருக்கு 915 முதல் 980 கிலோ எடையுள்ள மரம் அது, தண்ணீருக்கு மேலே முதுகு மட்டும் கொஞ்சம் தெரியும். மெராந்தி நன்றாக மேலே தூக்கி மிதக்கும். பக்கப்பலகைக்கு அடர்சிவப்பு மெராந்தியே போதும், தண்ணீரிலேயே கிடக்கும் அடிப்பலகைக்கு மட்டும் செங்காலில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

முழுநீளப் பலகை கிடைக்காவிட்டால் இரண்டைச் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி இணைக்கலாம், சரிவின் நீளம் பலகைத் தடிப்பைப் போல் எட்டு மடங்காவது இருக்க வேண்டும். அந்த இணைப்பு வங்கு மேல் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்துப் பலகையின் இணைப்புக்கு நேராக வரக்கூடாது. செங்காலில் துளை போடாமல் ஆணி அடிக்க முடியாது, ஆணி வளையும் அல்லது பலகை பிளக்கும். ஆணி வாங்கும்போது ஒரே உலோகமாக வாங்குங்கள். உப்புத்தண்ணீரில் ஸ்டெயின்லெஸ் திருகையும் துத்தநாகம் பூசிய ஆணியையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் துத்தநாகம் பூசியது சீக்கிரம் அரித்துப் போகும். ஸ்டெயின்லெஸ் என்றால் 316 ரகம் கேளுங்கள், ஹார்ட்வேர் கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பது 304.

அப்புறம் கலப்பத்து வேலை, பலகை இடுக்கில் திரி அடித்து அடைப்பது. திரங்கானுவில் பூலாவ் டூயோங் தச்சர்கள் பலகைகளுக்கு நடுவே கெலாம் மரப்பட்டையை வைத்து மரமுளையால் இறுக்கிவிடுவார்கள். இந்தப் பக்கத்துச் சீனத் தச்சர்கள் நாரையும் சுண்ணாம்பையும் துங் எண்ணெயையும் சேர்த்து இடித்த குழம்பை இடுக்கில் அடைப்பார்கள். நமக்குக் கைக்கெட்டுவது பருத்தித் திரியும் மேலே பாலியூரிதேன் சீலண்டும். பழைய ஆள்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் அது ரப்பர் போல நீண்டு சுருங்கும், பழுதானால் கத்தியால் வெட்டி எடுத்துவிடலாம், எனக்கு அதில் குறை தெரியவில்லை. திரியை உளியும் மரச்சுத்தியலும் வைத்து அடிக்கும்போது ஆசைப்பட்டு இறுக்கித் திணிக்காதீர்கள். காய்ந்த பலகையில் இறுக்கி அடித்துவிட்டுத் தண்ணீரில் இறக்கினால், பலகை உப்ப இடமில்லாமல் வங்கிலிருந்து ஆணியையே பிடுங்கிக்கொண்டு வரும். திரி இடுக்கின் ஆழத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றால் போதும், மீதி சீலண்டுக்கு.

தண்ணீரில் இறக்கிய முதல் நாள் ஒழுகும். பயப்பட வேண்டியதில்லை, கரையோரமாகக் கட்டி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டால் பலகை உப்பி இடுக்கு தானாக அடைந்துகொள்ளும். அதற்குப் பிறகும் ஒழுகுகிற இடம்தான் உண்மையான ஓட்டை. இந்த முறையின் குறையும் இங்கேதான் இருக்கிறது: மூன்று மாதம் வெயிலில் போட்டுவிட்டால் எல்லா இடுக்கும் மறுபடி திறக்கும். ஆற்றில் வைக்க முடியாதவர்கள் நிழலில் வைத்து உள்ளே ஈரச்சாக்கு போட்டு வைக்கலாம், அதையும் உப்புத்தண்ணீரில் நனைத்துப் போட்டால் பூஞ்சணம் அண்டாது. அவ்வளவு பார்க்க முடியாது என்கிறவர்கள் எப்போக்சிக்கே போய்விடலாம். ஆற்றில் கட்டிப்போடுகிறவர்கள் அடிப்பக்கம் செம்பு கலந்த சிவப்புப் பெயிண்டை வருஷத்துக்கு ஒரு முறை அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் காப்பாங் வந்து சேரும். அந்தக் காலத்தில் கரையேற்றிக் காய்ந்த ஓலையைக் கொளுத்தி அடிப்பக்கத்தை வாட்டுவார்கள், புழுவைக் கொல்லத்தான். தாமானில் அதைச் செய்தால் பொம்பா (தீயணைப்பு) வண்டி வந்துவிடும்.

கோயில் மண்டபத்தில் வைப்பதைப் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. செலவு குறைவு, ஆபத்து கிடையாது, பிள்ளைகள் பார்ப்பார்கள், எல்லாம் சரி. ஆனால் மின்விசிறியும் விளக்கும் எரியும் மண்டபத்துக்குள் ஆற்றுப் பலகை காய்ந்து வெடிக்கும், கரையான் கட்டடத்தில் இருந்தால் அதுவும் ஏறும். சுவீடனில் 1628இல் மூழ்கி 1961இல் வெளியே எடுத்த வாசா கப்பலைக் காய்ந்து வெடிக்காமல் காப்பாற்றப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளைக் கரைத்து 17 வருஷம் தெளித்தார்கள். நம் சம்பானுக்கு அந்த வைத்தியம் தேவையில்லை, இரண்டு மாதம் நிழலில் மெதுவாகக் காயவிட்டு, உளுத்ததை மட்டும் எடுத்துவிட்டு, தரையில் படாமல் இரண்டு கட்டை மேல் ஏற்றி வைத்தால் போதும். இதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் பெயிண்ட் அடித்துப் புதிதாக்க வேண்டாம், தாத்தா துடுப்பு உரசித் தேய்ந்த விளிம்பை மறைத்துவிட்டு எதைக் காட்டப் போகிறோம்?

காப்பிக்கடைக்கு விற்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நடுவில் வெட்டி அலமாரியாக்கி நிறுத்துவார்கள், அல்லது மண் போட்டுச் செடி வைப்பார்கள். உளுப்பு பாதிக்கு மேல் போயிருந்தால் அதுவும் பரவாயில்லை. புது ஃபைபர் படகு வாங்குவதும் அப்படித்தான். வருஷம் முழுக்க மீன் பிடிக்கிறவருக்கு அதுதான் லாபம், பராமரிப்பும் குறைவு, லேசாக இருக்கும், சின்ன எஞ்சினே இழுக்கும். அவர் இந்தக் கட்டுரையை இவ்வளவு தூரம் படித்திருக்கவே மாட்டார்.

கணக்கு என்று பார்த்தால் பாலியெஸ்டர்தான் முதல் வருஷம் மலிவு, எப்போக்சி நடுவில், பலகை மாற்றுவதில் மரத்துக்கு ஒரு செலவு, தச்சருக்கு ஒரு செலவு. படகுத் தச்சர் கிடைப்பது இன்னும் கஷ்டம், பூலாவ் கெத்தாம், செகிஞ்சான் மாதிரி மீனவ ஊர்களில் வயதானவர்களிடம் விசாரித்துப் பார்க்க வேண்டும். வீட்டுத் தச்சரை வைத்துச் செய்கிறவர்கள் பழைய பலகையைக் கழற்றி அதையே அச்சாக வைத்துப் புதியதை வெட்டச் சொல்லுங்கள், ஒரு நேரத்தில் ஒரு பலகைதான் கழற்ற வேண்டும். இரண்டு மூன்றை ஒன்றாகக் கழற்றினால் சம்பான் உருவம் மாறிவிடும், பிறகு எந்தப் பலகையும் பொருந்தாது.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டு, "அப்ப மேல் பலகைக்காவது ஃபைபர் அடிக்கலாம்லா?" என்றார். மேல் பலகை தண்ணீரைத் தொடாது, அடிப்பதில் பெரிய கெடுதல் இல்லை, பயனும் இல்லை என்றேன். இப்போதைக்கு அடியில் உளுத்த இரண்டு பலகைக்குக் குறி போட்டிருக்கிறோம். ஜூன் ஜூலையில் இந்தப் பக்கம் மழை கொஞ்சம் குறையும், அப்போது கழற்றுவதாக ஏற்பாடு. அதற்கு முன் தூண் விற்கும் ஆள் கிடைக்க வேண்டும், காரையும் வேறு எங்காவது நிறுத்த வேண்டும்.